அட்டெண்டர் வைக்கும் முன் குதிகாலைக் கேளுங்கள்

மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து மதுரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றுக்கு, ஆஸ்பத்திரி வாசலில் யாரோ திணித்த விசிட்டிங் கார்டைப் பார்த்துப் போன் போட்டேன். மறுநாளே ஆள் வந்துவிட்டார். அந்த அவசரத்தால் எட்டு மாதத்தில் மூன்று ஏஜென்சி மாறினோம்.

போன் போடும் முன் ஒரு தாளை எடுத்து, நோயாளியின் ஒரு நாளை மணிக்கணக்காக எழுதிவிடுங்கள். குளிப்பாட்ட, டயபர் மாற்ற, பிடித்து நடத்த என்றால் அட்டெண்டர் போதும். மூக்குக் குழாய் வழியே சாப்பாடு, யூரின் டியூப், ஊசி என்றால் படித்த நர்ஸ்தான் வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் இரண்டு பேரையுமே ‘ஹோம் நர்ஸ்’ என்பார்கள். ஏஎன்எம், ஜிஎன்எம் என்ற நர்ஸிங் படிப்புகளில் எதைப் படித்தவர், நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மழுப்பினால் அட்டெண்டர் சம்பளத்துக்கு மேல் ஒரு ரூபாய் பேசாதீர்கள்.

ஆபீசில் இருப்பவர் இனிக்க இனிக்கத்தான் பேசுவார். வரப்போகிற ஆளிடமே பேச வேண்டும். “படுக்கைப்புண் வராம எப்படிப் பாத்துக்குவீங்க?” என்று நான் கேட்டதற்கு முதல் ஆள் “பவுடர் போடுவேன்க்கா” என்றார். மூன்றாவதாக வந்த தம்பி பதிலே சொல்லவில்லை. போர்வையை விலக்கி மாமாவின் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். சிவந்திருந்தது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாதபடி செய்துவிட்டு, “ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பணும்க்கா, ராத்திரியும்” என்றார். அதற்கப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

24 மணி நேர ஆள் என்றால் அவரும் தூங்கியாக வேண்டும். ராத்திரி திருப்பப் போவது யார் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் என் கணவருக்கு அலாரம். சாப்பாடு நம் வீட்டிலா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆரம்பிக்கிற வீட்டில் நல்ல ஆள் தங்க மாட்டார், தங்கவும் வேண்டாம்.

ஏஜென்சியிடம் எழுதி வாங்க வேண்டியது, ஆள் வராத நாளைப் பற்றி. மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், வராவிட்டால் அந்த நாள் காசு கழியுமா, பாதியில் நிறுத்தினால் அட்வான்ஸ் திரும்புமா. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் ஐந்து நாள் வரவில்லை, ஏஜென்சி போன் ஸ்விட்ச் ஆஃப். எழுபது கிலோ மாமாவை நானும் கணவரும் தூக்கியதில் என் முதுகு போனதுதான் மிச்சம். நாம் கட்டுவதில் ஆளின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் அவரிடமே விசாரியுங்கள். பாதிதான் என்றால் சீக்கிரம் வேறு வேலை தேடிக்கொள்வார்.

ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை, மோஷன், திருப்பிய நேரம் எழுத ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும்.

பிசியோதெரபிக்குத் தனியாக ஆள் பேசும் முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். எனக்கு இது தெரியவந்தபோது, ஏஜென்சிக்கு மூன்று மாதப் பிசியோ பணத்தை மொத்தமாகக் கட்டி முடித்திருந்தேன்.