உயிர் இரையில் மயில்மீன்: பரலுக்குள்ளேயே தோற்றுப்போகும் பயணங்கள்

கடந்த சித்திரையில் அளம்பில் கரையில் நின்றபோது, என் மருமகன் முறையான இளைஞன் ஒருவனும், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவனுடைய சினேகிதனும் 18 அடிப் படகொன்றை மணலில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படகின் நடுவில் ஒரு நீலப் பரல் இருந்தது. எட்டிப் பார்த்தேன். இரைக்காகப் பிடித்த, முப்பதுக்குக் குறையாத கும்பளாக்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. "மயில்மீன் ஒண்டும் கடிக்கேல்லை மாமா, இந்தப் பக்கம் இப்ப மீன் இல்லைப் போல" என்றான் மருமகன். மீன் இருந்தது. அன்று விடியற்காலையில் வலைக்காரர் இரண்டு மயில்மீன்களை இறக்கியதை நானே பார்த்திருந்தேன். இவர்களிடம் இல்லாமற்போனது உயிருள்ள இரைதான்.

பல வருடங்களுக்கு முன் அதே போன்ற பரலை அதே நம்பிக்கையோடு நிரப்பிச் சென்றவன் நான் என்பதால், அவனைத் திட்ட வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, உயிர் இரையோடு போகிறவர்கள் செய்யும் பிழைகளை ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன். உயிர்காப்பு அங்கி, உதிரி பிளக், குடிநீர் போன்றவற்றை இங்கே நினைவூட்டப் போவதில்லை. அவற்றை மறப்பவர் படகில் ஏறவே கூடாது.

பரலுக்குள் சந்தை கூட்டுதல்

கொழும்புச் சந்தையில் தளபத்து என்று விற்கப்படும் மயில்மீன், மேல்நீரில் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. கூட்டமாக வந்தால் முதுகுத் தோகையை விரித்துச் சிறுமீன்களை ஓரிடத்தில் நெருக்கி வளைக்கும். பிறகு அலகால் வெட்டியோ தட்டியோ ஒன்றைக் காயப்படுத்தி எடுக்கும். நல்ல உயிரோடு இருக்கும் கும்பளா தன்னை நோக்கி மயில்மீன் வருவதைக் கண்டதும் பதறி ஓடும். அந்தப் பதற்றம் நூல் வழியாக உங்கள் விரலுக்கு முதலில் தெரியும், கடி அதன் பிறகுதான். உயிர் இரைத் தூண்டிலின் முழு விசயமும் அந்தப் பதற்றத்தில்தான் இருக்கிறது. அரை உயிரோடு இருக்கும் மீனுக்குப் பதற வலுவில்லை.

மீளக்குடியேறி, கடனுக்கு வாங்கிய படகோடு மறுபடி கடலில் இறங்கிய காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். களப்பு கடலோடு சேரும் நாயாற்றுத் தொடுவாய் அப்போது திறந்திருந்தது. வெளியே போய் அலைக்குள் நின்று நீர் மொள்ளச் சோம்பல்பட்டு, தொடுவாய்க்குள் அமைதியாக நின்ற நீரையே பரல் நிறைய ஊற்றிக்கொண்டேன். பிறகு வெளியே நங்கூரமிட்டு, சிறு இறகுகள் கட்டிய ஐந்தாறு தூண்டில்களைக் கொண்ட நூலை ஏற்றி இறக்கியபோது, அரை மணிக்குள் 40 கும்பளாக்கள் கிடைத்தன. நாற்பதையும் பரலுக்குள் போட்டேன். இரை கூடினால் வாய்ப்பும் கூடும் என்பது என் கணக்கு.

பன்னிரண்டு கடல்மைல் ஓடியபின், ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் விழுந்தெழுவதைக் கண்டோம். கிட்டப் போனால், ஆறேழு மயில்மீன்கள் தோகையை நீருக்கு மேலே விரித்தபடி ஒரு சாளைக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றின் விலாவில் நீலக் கோடுகள் ஒளிர்ந்து அணைந்தன. அப்படியொரு காட்சியை அதன் பிறகு நான் மூன்று முறைதான் கண்டிருக்கிறேன். பரலின் மூடியைத் திறந்தேன். மேலே நுரை, நுரைக்குள் செதில், அதற்குக் கீழே நாற்பதும் சாய்ந்து கிடந்தன. வாய் அசைந்த ஒன்றைத் தேடியெடுத்துக் கொளுவிப் போட்டேன். அது தகரத்துண்டு போலச் சுழன்று சுழன்று ஆழத்துக்குப் போனது. ஒரு மயில்மீன் பின்னால் வந்து, அலகால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, திரும்பிவிட்டது. என்னோடு வந்த பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நான் செய்தது ஒரு பிழை அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு. முதலாவது, தொடுவாய் நீர் களப்பு நீர். உப்புக் குறைந்தது, கலங்கியது, சூடானது. வெளிக்கடலில் பிடித்த மீனை அதற்குள் போடுவது, ஓடி வந்தவனைப் புகை நிறைந்த அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுவதற்குச் சமம். இரண்டாவது, எண்ணிக்கை. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. கும்பளா நீந்திக்கொண்டே வாயைத் திறந்து, செவுளுக்குள் நீரை ஓடவிட்டு மூச்செடுக்கும் மீன். நீந்த இடமில்லாமல் நெருங்கினால் அதற்கு மூச்சே இல்லை. மூன்றாவது, பிடிபட்ட மீன் முதல் சில நிமிடங்களில் வயிற்றில் உள்ளதைக் கக்கும், செதில் உதிர்க்கும், வழும்பு விடும். அந்த அழுக்கு நீரை நான் ஒரு முறைகூட மாற்றவில்லை. நான்காவதை வருடக்கணக்கில் நான் உணரவேயில்லை: மண்ணெண்ணெய் ஊற்றிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அதே கையால் மீனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பரலின் மேற்பரப்பில் வானவில் நிறம் படர்ந்திருந்தால், உள்ளே இருப்பவை நெடுநேரம் நில்லா.

இப்போது நான் செய்வது இது. பரலைப் பாதியாக வெட்டி, ஏறத்தாழ 100 லீற்றர் நீர் கொள்ளும் வட்டத் தொட்டியாக வைத்திருக்கிறேன். சதுரப் பெட்டி வேண்டாம். மூலையில் திரும்பத் தெரியாமல் முட்டி முட்டி மூக்குச் சிவந்த மீன் ஒரு மணிநேரம் தாங்காது. 12 வோல்ற் பம்பு ஒன்று, பத்து நிமிடத்துக்குள் தொட்டி நீர் முழுவதும் மாறும்படி கடல்நீரை ஏற்றிக்கொண்டிருக்கும். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழேயுள்ள துளை வழியாகப் பழைய நீர் வெளியேறும். பம்பு ஓடினால் 20 மீன், வாளியால் நீர் மாற்றுவதானால் 10 மீன், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. மேலே கறுத்த வலைத்துண்டு ஒன்றைக் கட்டி வெயிலை மறைப்பேன். பரல் நிறைய நீர் என்பது 200 கிலோவுக்கு மேற்பட்ட, தளம்பும் பாரம். 18 அடிப் படகில் அதை ஓரத்தில் வைத்தால் இரைக்கு முன் படகு கவிழும்.

என்னை இன்னும் எரிச்சலூட்டுவது வேறொன்று. வெளிநாட்டிலிருந்து வந்த ரீலைத் துணிப்பையில் போட்டுக் குழந்தையைப் போலத் தூக்கி வருபவர், எந்தச் சிறுமீனை நம்பி அந்த ரீல் சுழல வேண்டுமோ, அந்த மீனை நேற்றுப் பூச்சிமருந்து கரைத்த பரலுக்குள் போடுகிறார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, 30 லீற்றர் எரிக்கும் ஒரு நாள் ஓட்டம் 2,610 ரூபாவிலிருந்து 10,200 ரூபாவாகியது. விலை பின்னர் மாறியிருந்தாலும், அந்தக் கணக்கை வாழ்ந்து பார்த்தவர்கள் செத்த கும்பளாவைச் சுமந்துகொண்டு பன்னிரண்டு கடல்மைல் ஓடமாட்டார்கள். தொட்டியில் ஐந்து மீன் சாய்ந்தால் அங்கேயே நிற்பேன்; நீரை மாற்றுவேன், அல்லது திரும்பி வந்து புதிதாகப் பிடிப்பேன்.

வெறுங்கையால் பிடித்தல்

வேண்டாம். நனைத்த சிறு வலைக்கரண்டியால் இரை மீனை அள்ளுங்கள்.

தூண்டிலை மீனுக்குள் புதைத்தல்

அறுக்குளாவுக்குச் செத்த மீனைக் கட்டிப் பழகியவர்கள், தூண்டில் வெளியே தெரிந்தால் மீன் வெருளும் என்று நினைத்து, உயிர் மீனின் முதுகுச் சதைக்குள் அதைக் குத்தி மறைப்பார்கள். இரை பத்து நிமிடத்தில் களைத்துவிடும். முனை சதைக்குள் இருப்பதால் மயில்மீனின் வாயிலும் பிடிக்காது. கும்பளாவின் கண்களுக்கு முன்னால், மூக்குப் பகுதியில் ஊசியால் மெழுகு நூலைக் கோத்து, அந்த நூலில், முனை உள்நோக்கி வளைந்த வளையத் தூண்டிலை மாட்டுங்கள். தூண்டில் மீனுக்கு வெளியே தொங்கும், முனை முழுதாக வெளியில் இருக்கும். இந்த வேலை அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு முதல் நாள் இரவு வீட்டில், சமைக்க வாங்கிய மீனில் பழகிப் பாருங்கள்.

இரையை இழுத்துக்கொண்டு ஓடுதல்

உயிர் இரை நீந்த வேண்டும், இழுபடக் கூடாது. ஒரு கடல்மைலிலிருந்து இரண்டு கடல்மைல் வரையான மணி வேகமே போதும். அது ஆறுதலாக நடக்கும் மனிதனின் நடை. 15 குதிரைவலு இஞ்சின் மிகக் குறைந்த ஓட்டத்திலேயே அதைவிட வேகமாகத் தள்ளும் என்பதால், கியரைப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டும், அல்லது பின்னால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி இழுக்கவிட வேண்டும். இரை மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு வருவதைக் கண்டால் அது ஏற்கனவே மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சுண்டி இழுத்தல்

மயில்மீன் மணிக்கு 110 கிலோமீற்றர் ஓடும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். கருவி பொருத்தி அளந்தவர்கள் கண்ட வேகம் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த 110 தலைக்குள் இருப்பதால், கடித்தவுடன் எல்லோரும் பதறிச் சுண்டுகிறார்கள். வளையத் தூண்டிலைச் சுண்டினால் அது வாயிலிருந்து வெறுமனே வழுக்கி வெளியே வந்துவிடும்.

இரை பதறுவது தெரிந்ததும் ரீலைத் திறந்து நூலைத் தடையின்றி ஓடவிடுங்கள். நூல் சிக்காமல் பெருவிரல் மட்டும் மெல்லத் தொட்டிருக்கட்டும். மீன் இரையைத் தட்டி, விட்டு, திரும்பி வந்து, தலைப்பக்கமாக விழுங்கும். ஐந்திலிருந்து பத்து வரை எண்ணுங்கள். நூல் ஒரே சீராக ஓடத் தொடங்கியதும், கோலைத் தாழ்த்தி மீனை நோக்கிப் பிடித்தபடி பிரேக்கை மெதுவாக இறுக்குங்கள். மீன் தன் ஓட்டத்தாலேயே தூண்டிலை வாயோரத்துக்கு இழுத்துக் கொளுவிக்கொள்ளும். தொண்டைக்குள் போகாதபடியால், விட நினைப்பவர் மீனை உயிரோடு விடவும் முடியும். அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில், மயில்மீன் போன்ற அலகு மீன்களுக்கான போட்டிகளில் இயற்கை இரைக்கு 2008 முதல் இந்தத் தூண்டிலையே கட்டாயமாக்கியதற்கும் காரணம் அதுதான். நான் கைநூலில் வளர்ந்தவன். சுண்டாமலிருக்க என் கை பழக இரண்டு பருவங்கள் எடுத்தன, அதற்குள் ஒன்பது மீன்கள் போயின.

கம்பி கட்டுதல்

கம்பி அறுக்குளாவின் பல்லுக்கு. மயில்மீனுக்கு 60 முதல் 80 இறாத்தல் தங்கூசி நூல், இரண்டு பாகம் நீளத்தில் (விரித்த இரு கையளவு ஒரு பாகம்).

படகடியில் மீனின் முன்னால் நிற்றல்

அலகு கண்ணளவு உயரத்துக்குத் துள்ளும். பக்கத்தில் நில்லுங்கள், கையுறை போடுங்கள்.

கரையின் அமைதியைக் கடலின் அமைதியாக நினைத்தல்

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும் சோளகம், முல்லைத்தீவுக் கரைக்கு நிலத்திலிருந்து கடலை நோக்கி வரும் காற்று. அதனால் சிலாவத்தையில் நின்று பார்த்தால் கடல் குளம்போலக் கிடக்கும். நிலம் காற்றை மறைப்பதுதான் காரணம். பத்துக் கடல்மைல் போனபின் அதே காற்று முதுகுக்குப் பின்னால் அலையை வளர்த்துவிடும், மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் உரக்கும். போகும்போது காற்றோடு போனதால் எரிபொருள் மிச்சமாகத் தெரியும். திரும்பும்போது அலையை எதிர்த்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எரியும். இஞ்சின் நின்றால், கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில், காற்று உங்களைக் கரையை விட்டு வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் கடல் முகத்துக்கு நேரே சீறுவதால் யாரும் ஏமாறுவதில்லை. சோளகத்தில்தான் ஏமாறுகிறார்கள். மயில்மீன் சுற்றிக்கொண்டிருந்தாலும், பத்தரை மணிக்கு நான் நூலைச் சுற்றிவிடுவேன்.

ஐஸ் இல்லாமல் போதல்

இளம் ஆட்கள் ரீலுக்கும் நூலுக்கும் இடம் ஒதுக்கி, ஐஸ் பெட்டியைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். மயில்மீனின் சதை வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்ரமின் என்ற பொருள் சேரும்; அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. ஒருமுறை காலை எட்டு மணிக்குப் பிடித்த மீனை ஈரச் சாக்கால் மூடி மத்தியானம் கொண்டுவந்து கறி வைத்தோம். சாப்பிட்ட அரை மணியில் மூன்று பேருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடிக்கத் தொடங்கிவிட்டது. மிஞ்சிய கறியை மனைவி முற்றத்தில் கிடங்கு வெட்டித் தாட்டாள், நாய்க்கும் வைக்கவில்லை.