வாலிபர் குழுவில் யாரும் பேசாத சிக்கல் தீர்ந்தது: என் அனுபவம்

ஒருவழியாகச் சரியானது. பைபிள் படிக்கும் வேதபாடக் குழுக்களில் தலைவர்கள் நன்றாகத் தயாரித்து வந்தும், வாலிபர்கள் வாயே திறக்கவில்லை. கேள்வித்தாளை மாற்றியும் பலனில்லை. தலைவர்களுக்கான முழுநாள் பயிற்சி முகாமில் குறிப்பேடுகள் நிறைந்தன, குழு மாறவில்லை.

பின்னால் உட்கார்ந்து கவனித்தபோதுதான் பிடிபட்டது: கேள்வி கேட்ட 2, 3 விநாடியில் தலைவரே பதிலையும் சொல்லிவிடுகிறார்.

இப்போது பயிற்சியே இதுதான். கேட்டதும் மனதுக்குள் 10 வரை எண்ண வேண்டும். அதுவரை கண் வேதாகமத்தில் இருக்கட்டும். முகத்தை உற்றுப் பார்த்தால் கூச்சம் கூடும். முதல் பதிலுக்கே "ரொம்ப சரி" என்றால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள், "எந்த வசனத்தில் அது தெரியுது?" என்று கேட்க வேண்டும். புதிய தலைவர் முதல் வாரம் பார்ப்பார், அடுத்த வாரம் ஒரே ஒரு கேள்வியை நடத்துவார். முடிந்ததும் 5 நிமிடம் தனியாகப் பேசுவோம், பிள்ளைகள் முன்னால் ஒருபோதும் திருத்துவதில்லை. கடைசி வரிசைப் பிள்ளைகளும் இப்போது பேசுகிறார்கள்.