நற்கிரியை செய்யப் புறப்படுகிறவர்களே, கையைத் தூக்கும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்

போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவர் ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இனிமே நீங்க பஸ்ஸுக்கு நிக்கவே வேணாம், எல்லா டயாலிசிஸுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இயந்திரம் வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்வதுதான் டயாலிசிஸ். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பினாங்கில், ஏறக்குறைய இதே வார்த்தைகளை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பெருமைக்காகச் செய்யாதே, முணுமுணுக்காமல் கொடு என்பதெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிட்டு, நாம் செய்கிற மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எபேசியர் 2-ஐ 9-ஆம் வசனத்தோடு மூடிவிடுவது

10-ஆம் வசனத்தையும் படியுங்கள். நற்கிரியை செய்து இரட்சிப்பு வாங்க முடியாது என்று சொன்ன அதே பவுல்தான், அடுத்த மூச்சில், நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார்.

கேட்காமல் கொடுப்பது

சிறுநீரகம் பழுதான ஒருவர் வீட்டுக்கு நாங்கள் கொண்டுபோன கிறிஸ்துமஸ் ஹாம்பரில் ஆரஞ்சு, பேரீச்சம்பழம், மேகி மீ, பாட்டில் பாட்டிலாகக் குளிர்பானம் எல்லாம் இருந்தன. பொட்டாசியம், உப்பு, தண்ணீர் என்று அவர் அளந்து அளந்து சாப்பிட வேண்டியதெல்லாம் ஒரே கூடைக்குள். அவர் நன்றி சொல்லி வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். "என்ன சாப்பிடலாம்?" என்று முதல் நாளே ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

தாங்க முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டுப் பாதியில் விடுவது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆயர் ஈத்தாமில் நான்காவது மாடியில் ஓர் அங்கிள் இருந்தார். ஜார்ஜ்டவுனில் வாரம் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். நான் அப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், காலையில் வேலை முடிந்ததும் அப்படியே போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, "எல்லா நாளும் நான் வரேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டேன். ஒருநாள் காரில் தன் இடது கையை நீட்டி, ஊசி போடுகிற இடத்தில் என் விரலை வைக்கச் சொன்னார். தோலுக்கடியில் இரத்தக்குழாய் வண்டு ரீங்கரிப்பது போல அதிர்ந்துகொண்டிருந்தது. "இந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும்தான் தம்பி என் வண்டி ஓடும்" என்றார்.

ஆறு வாரம் போனேன். ஏழாவது வாரம் என்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிறு இரவு, "நாளையிலிருந்து வர முடியாது அங்கிள், ஜெபித்துக்கொள்கிறேன்" என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். பசியோடிருக்கிறவனைப் பார்த்துச் சமாதானத்தோடே போ என்று சொல்லி அனுப்புகிறவனைப் பற்றி யாக்கோபு எழுதியிருக்கிறாரே, அது நான்தான்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நான் வருவதற்கு முன் கீழ் வீட்டு மலாய்க்காரப் பையன் ஒருவன் பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டிப்போயிருக்கிறான். என் வாக்கை நம்பி அங்கிள் அவனிடம், "இனி சிரமப்படாதே" என்று சொல்லிவிட்டார். அவனும் காலை வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். ஆக, இருந்த உதவியையும் நான் பிடுங்கிவிட்டேன். திங்களும் புதனும் ஜார்ஜ்டவுன் கொம்தார் பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் திரும்பியிருக்கிறார், டயாலிசிஸ் முடிந்து இரத்த அழுத்தம் இறங்கின உடம்போடு, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி. வெள்ளிக்கிழமை நல்ல மழை. போகவில்லை. ஞாயிறு இரவு நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறி, ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். நான் பார்க்கப் போனபோது, "பரவால்ல தம்பி, உனக்கும் வேலை இருக்குல்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

எனவே தம்பிகளே, தங்கச்சிகளே, "எல்லா நாளும்" என்ற வார்த்தையை வாயில் வைக்காதீர்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று ஆண்டவர் சொன்னது இதற்கும் பொருந்தும். புதன்கிழமை மட்டும் முடியுமா, புதன் மட்டும் சொல்லுங்கள். இப்போது யார் கூட்டிப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், அவரை உடனே நிறுத்திவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டு மாதம் விடாமல் போன பிறகு அடுத்த நாளைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் போவார் என்று இன்னொரு பெயர் அந்த வீட்டில் எழுதி இருக்கட்டும்.

நிறுத்துவது பாவமில்லை. நல்ல சமாரியனும் மறுநாள் தன் வழியே போனவன்தான். ஆனால் காயம்பட்டவனை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை. சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, இவனைக் கவனித்துக்கொள், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். லூக்கா 10-இல் காயம் கட்டுகிற இடத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இந்த ஒப்படைப்பைப் பற்றிக் கேட்டது குறைவு. நீங்களும் இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லி, அடுத்து வருகிறவரை நேரில் கூட்டிப்போய், எந்தக் கையில் ஊசி, அந்தக் கையில் பையைக்கூடக் கொடுக்கக் கூடாது, முடிந்ததும் தலைசுற்றல் நிற்கும்வரை உட்கார வைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிவிட்டு விலகுங்கள். குறுஞ்செய்தியில் வேண்டாம்.

போட்டோ

எடுக்காதீர்கள்.

அரிசிப் பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதி

வேண்டாம். பசிக்கிறவருக்கு அது அரிசியின் விலையாகத் தெரியும். ஏன் வருகிறீர்கள் என்று அவரே ஒருநாள் கேட்பார், அப்போது சொல்லுங்கள்.

சொந்த வீட்டை மறப்பது

தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. அம்மாவின் கிளினிக் தேதி உங்களுக்குத் தெரியுமா?

டிசம்பரில் தொடங்குவது

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வருவார்கள். உண்மையில் ஆள் இல்லாமல் போவது ஜனவரி கடைசியிலிருந்து. அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். யோசித்துவிட்டு, புதன்கிழமை மட்டும் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.