நுரையீரல் ஆய்வுக்கு ஸ்பைரோமெட்ரி எடுப்பது எப்படி

ரத்த அழுத்தம் பார்க்கும்போது நோயாளி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கருவிக்குள் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் முழு வேலையும் அவருடையது. அதைச் செய்யவைப்பது டெக்னீஷியன் பொறுப்பு. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (காற்றுக்குழாய் நாள்பட அடைபடும் நோய்), விறகடுப்புப் புகை, பஞ்சாலைத் தூசு என்று எதைப் பற்றிய ஆய்வானாலும், கணக்கில் ஏறும் எண் நல்லதா கெட்டதா என்பது ஊதவைப்பவரின் வாயில் இருக்கிறது. கீழே வரும் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்கத் தொராசிக் சொசைட்டியும் ஐரோப்பிய சுவாசவியல் சங்கமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட தரநிலையில் உள்ளவை.

நெஞ்சு நிறைய இழுத்த காற்றை வேகமாக, மிச்சமில்லாமல் ஊதினால் வெளிவரும் மொத்த அளவு எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு நொடியில் வந்தது எஃப்.இ.வி.1. பின்னதை முன்னதால் வகுக்கும் விகிதம் குறைந்தால் காற்றுக்குழாயில் அடைப்பு.

காலையில் முதல் ஆள் வருமுன் கருவியைச் சரிபாருங்கள். 3 லிட்டர் சிரிஞ்சை மாட்டி மெதுவாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை தள்ளுங்கள். மூன்றிலும் 2.91 முதல் 3.09 லிட்டருக்குள் காட்ட வேண்டும். ஆட்களுக்கு ஃபில்டர் போடுகிறீர்கள் என்றால் அப்போதும் ஃபில்டர் இருக்க வேண்டும். மெதுவான தள்ளலில் மட்டும் கணக்கு தவறினால் பூஜ்யம் (காற்றே ஓடாதபோது கருவி காட்ட வேண்டிய அளவு) நகர்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. கிராமத்து முகாம்களில் பூஜ்யம் நகர முக்கியக் காரணம் மேசை ஃபேன். பூஜ்யம் பிடிக்கும் நேரத்தில் காற்று சென்சாரில் படக்கூடாது. மாதம் ஒருமுறை சிரிஞ்சின் வாயை அடைத்துக்கொண்டு தள்ளுங்கள்; உள்ளே போனால் சிரிஞ்சே கசிகிறது. அறை வெப்பநிலையையும் சரியாகப் பதியுங்கள். உடலுக்குள் 37 டிகிரியில் ஈரத்தோடு இருந்த காற்று 20 டிகிரிக்கு வந்தால் கிட்டத்தட்ட 10 சதவீதம் சுருங்கும். அதைத் திருத்தித்தான் கருவி எண் தருகிறது.

ஆளை உட்காரவைக்குமுன் கேட்க வேண்டியவை: ஒரு வாரத்துக்குள் மாரடைப்பு அல்லது கண் அறுவை, 4 வாரத்துக்குள் மூளை, நெஞ்சு, வயிறு அறுவை நடந்ததா? நடந்திருந்தால் தள்ளிப்போடுங்கள். இருமலில் ரத்தம், காசநோய்ச் சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை முடிந்த பிறகுதான் இந்தக் கருவி. மருந்து இல்லாத நிலையை அளப்பதானால் காற்றுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்துகளில் சால்பியூடமால் 4 முதல் 6 மணி நேரமும், ஃபார்மோட்டெரால், சால்மெட்டெரால் 24 மணி நேரமும், டையோட்ரோபியம் 36 முதல் 48 மணி நேரமும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துவது மருத்துவர் சம்மதத்தோடு மட்டுமே. இடையில் மூச்சுத் திணறி இன்ஹேலர் எடுத்துவிட்டால் திட்டாதீர்கள்; நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

உயரத்தை வாயால் கேட்டு எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். செருப்பில்லாமல் நிற்க வேண்டும், கொண்டையின் மேல் அளவுகோல் உட்காரக்கூடாது. நிமிர்ந்து நிற்க முடியாதவருக்கு இரு கைகளையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து உயரத்தைக் கணக்கிடலாம். வெற்றிலை பாக்கு வாயில் இருந்தால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பெல்ட், பாவாடை நாடா இறுக்கமாக இருந்தால் தளர்த்தச் சொல்லுங்கள். ஆடாத பல்செட் வாயிலேயே இருக்கட்டும், உதடு மூட உதவும். சக்கரமில்லாத, கைப்பிடி உள்ள நாற்காலியில் பாதம் தரையில் பட உட்காரவையுங்கள். நிற்கவைத்தால் தலைசுற்றி விழுவார்கள். மூக்குக்கு கிளிப்.

இனி வாய் வேலை. "மூச்சு விடுங்க" என்று சொல்லவே கூடாது. "மூச்சு விட முடியல" என்று வருபவர் இழுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் சாதாரணமாக மூச்சை இழுத்து விடுவார்கள். "விடாதீங்க" என்று கத்தினால் ஊதுவதையே நிறுத்துபவரும் உண்டு. "இழுத்துப் பிடிங்க" இன்னும் மோசம், தொண்டையை மூடிக்கொள்வார்கள். நெஞ்சு நிறைந்த பிறகு 2 நொடிக்குமேல் தயங்கக்கூடாது. 'இழுங்க', 'ஊதுங்க' என்ற இரண்டு சொற்களே போதும். ஊதாங்குழலை உதாரணம் காட்டாதீர்கள். உதட்டைக் குவித்துக் குழாய் நுனியில் வைத்துக்கொள்வார்கள். மவுத்பீஸ் பற்களுக்கு நடுவே, நாக்குக்கு மேலே இருக்க வேண்டும், உதடு சுற்றிலும் இறுக மூட வேண்டும். நீங்களே ஒருமுறை ஊதிக் காட்டுங்கள். எத்தனை விளக்கம் சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

பிறகு: "இழுங்கம்மா, இழுங்க, இன்னும், இன்னும்… ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும் இருக்கு, ஊதுங்க… இப்ப ஒரே மூச்சில் திரும்ப இழுங்க." முதல் 'ஊதுங்க' வெடி மாதிரி வர வேண்டும், அடுத்தவை தள்ளுவண்டியைத் தள்ளுவதுபோலத் தொடர்ந்து. கண் திரையில் மட்டும் இருக்கக்கூடாது. அவர் முகத்தையும் தோளையும் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது? கடைசி ஒரு நொடியில் வந்த காற்று 25 மி.லி.க்கும் குறைவாகி கோடு படுத்துவிட்டால் முடிந்தது. இல்லாவிட்டால் 15 நொடி, அதற்குமேல் வேண்டாம். அதிகம் நடக்கும் தவறு சீக்கிரம் நிறுத்துவது. உண்மையில் எஃப்.வி.சி. 3.00, எஃப்.இ.வி.1 1.80 என்றால் விகிதம் 0.60, தெளிவான அடைப்பு. அவரே பாதியில் விட்டு 2.40-இல் நின்றால் விகிதம் 0.75 ஆகிவிடும், நோயாளி ஆரோக்கியமானவர் பட்டியலில் போய் உட்கார்வார். இதற்கு நேர்மாறு, முழுதாக இழுக்காமல் ஊதுவது. இரண்டு எண்ணும் சேர்ந்து குறைந்து, நுரையீரல் சுருங்கியதுபோலத் தோன்றும். ஊதிய பின் திரும்ப இழுத்த அளவு எஃப்.வி.சி.யைவிட 100 மி.லி. அல்லது 5 சதவீதம், இதில் எது பெரியதோ அதற்குமேல் கூடினால், முதலில் முழுதாக இழுக்கவில்லை என்று பொருள்.

மற்ற தவறுகள் திரையில் வரும் வளைவை (காற்றின் வேகத்தையும் அளவையும் காட்டும் கோடு) பார்த்தாலே தெரியும். உச்சி கூராக இல்லாமல் உருண்டிருந்தால் தொடக்கம் சோம்பல். நடுவில் பள்ளம் என்றால் இருமல். உச்சி தட்டையானால் நாக்கு குழாயை மறைத்திருக்கலாம். முதல் நொடிக்குள் இருமியிருந்தால் அந்த ஊதலின் எஃப்.இ.வி.1-ஐ எடுக்கக்கூடாது.

ஏற்கத்தக்க மூன்று ஊதல்கள் வேண்டும். மிகப் பெரிய இரண்டு எஃப்.வி.சி.க்கும், மிகப் பெரிய இரண்டு எஃப்.இ.வி.1-க்கும் தனித்தனியே 150 மி.லி.க்குமேல் வித்தியாசம் இருக்கக்கூடாது (6 வயதுக்குமேல்). பெரியவர்களுக்கு 8 முயற்சி பொதுவான எல்லை. எஃப்.இ.வி.1 தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள், ஊதுவதே காற்றுக்குழாயை இறுக்குகிறது. பெரிய எஃப்.வி.சி. ஒரு ஊதலிலும் பெரிய எஃப்.இ.வி.1 இன்னொன்றிலும் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

சி.ஓ.பி.டி. என்று முத்திரை குத்த மருந்து கொடுத்த பிறகு வரும் விகிதம்தான் வேண்டும்: 0.70-க்குக் கீழ். சால்பியூடமால் 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் கூடு) வழியாக, ஒவ்வொன்றுக்கும் 30 நொடி இடைவெளி. 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதல். 'மருந்துக்கு மாறியது' என்பதை எந்த விதியால் சொல்கிறீர்கள் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதுங்கள். ஒருவரின் எஃப்.இ.வி.1 1.50-இலிருந்து 1.74 ஆகிறது, அவர் வயது, உயரம், பாலினத்துக்கு எதிர்பார்க்கும் அளவு 2.60 என்று வையுங்கள். அதே இரு சங்கங்களின் 2005 விதிப்படி (12 சதவீதமும் 200 மி.லி.யும்) 16 சதவீதம், 240 மி.லி.; மாறியது. 2021 விதிப்படி எதிர்பார்க்கும் அளவில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், 9.2 தான், மாறவில்லை.

எதிர்பார்க்கும் அளவைத் தரும் சூத்திரத்திலும் இதே சிக்கல். உலக அளவில் புழங்கும் 2012 ஜி.எல்.ஐ. (குளோபல் லங் ஃபங்ஷன் இனிஷியேட்டிவ்) சூத்திரத்தில் இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. நம்மவர்களை 'மற்றவர்' என்ற பொத்தானில் போட வேண்டியிருந்தது. பின்னர் இனப் பிரிவே இல்லாத பொதுச் சூத்திரம் வந்தது. எதைத் தேர்ந்தாலும் நடுவழியில் மாற்றாதீர்கள், கருவியின் சாஃப்ட்வேர் அப்டேட் ஆனால் அமைப்பு மாறிவிட்டதா என்று பாருங்கள்.

கெட்ட ஊதல்களை அழிக்காதீர்கள். எல்லா வளைவும், சிரிஞ்ச் குறிப்பேடும், அறை வெப்பநிலையும் சேமிப்பில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை புகை பிடிக்காத ஆரோக்கியமான ஒரு ஊழியரே ஊதி அவர் எண்ணைக் குறித்துவாருங்கள். சிரிஞ்சில் தேறிய கருவி அவரிடம் தடுமாறினால், அன்று முகாமுக்குக் கிளம்ப வேண்டாம்.