முதியோர் நோயில் ஏழை–வசதியானவர் இடைவெளியை அளப்பது எப்படி?

குன்னூர், கூடலூர் முதியோர் கணக்கெடுப்புத் தாள்களை வைத்து இதைப் போட்டுப் பார்த்தபின் எழுதுகிறேன். செறிவுக் குறியீடு என்பது நோய் யார் பக்கம் குவிந்திருக்கிறது என்று சொல்லும் ஒற்றை எண். கழித்தல் குறி வந்தால் வறியவர் பக்கம், கூட்டல் வந்தால் வசதியானவர் பக்கம். சராசரி போடத் தெரிந்தால் போதும். விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை; லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் தாராளம்.

படி 1: வசதி மதிப்பெண். முதியோரிடம் மாத வருமானம் கேட்டுப் பயனில்லை, பலருக்கு அது கிடையாது. வீட்டுப் பொருள்களைக் கேளுங்கள். ஆனால் சமவெளிக்காரர்கள் தயாரித்த பட்டியலை அப்படியே மலைக்குக் கொண்டுவராதீர்கள். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் பங்களாக்காரரும் மின்விசிறி வாங்குவதில்லை. தாழ்வான கூடலூரில் கூலித் தொழிலாளி வீட்டிலும் அது சுழலும். அந்தக் கேள்வி வசதியை அளக்காது, உயரத்தைத்தான் அளக்கும். கான்கிரீட் கூரையும் அப்படியே: எஸ்டேட் லைன் வீடு (தொழிலாளருக்கான வரிசை வீடு) கம்பெனிக்குச் சொந்தம், வேலை இருக்கும்வரைதான் வீடு. சொந்தத் தேயிலை நிலம், வாகனம், ஓய்வூதியம் ஆகியவை நம்பத்தக்கவை.

படி 2: வசதி மதிப்பெண் குறைந்த வறியவரிலிருந்து தொடங்கி வரிசை எண் கொடுங்கள். அதில் 0.5 கழித்து, மொத்த ஆள்களால் வகுத்தால் தரவரிசை. ஐந்து பேர் என்றால் 0.1, 0.3, 0.5, 0.7, 0.9.

படி 3: நோய் உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. இங்கே அவசரப்படாதீர்கள். "உங்களுக்கு பி.பி. உண்டா?" என்று வாயால் கேட்டால், டாக்டரிடம் போனவர்தான் "ஆமாம்" என்பார். அந்த ஐவரும் 0, 0, 1, 0, 1 என்று சொல்வதாக வையுங்கள். பிறகு கருவி வைத்து, 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ மருந்து சாப்பிட்டாலோ 1 என்று குறித்தால் 1, 1, 1, 0, 1 வருகிறது.

படி 4: நோய்க்கும் தரவரிசைக்குமான கோவேரியன்ஸை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) இரண்டால் பெருக்கி, நோயின் சராசரியால் வகுங்கள். கால்க்கில் 'கோவேரியன்ஸ்.பி' (COVARIANCE.P) என்ற வாய்ப்பாடு. வாய்மொழிப் பதிலுக்கு 0.4, கருவி அளவுக்கு −0.1. அதே ஐந்து பேர்தான், குறியே மாறிவிட்டது! பணக்கார நோய் என்ற பேச்சு பாதி இப்படித்தான் பிறக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மருந்து வாங்குவோர் பட்டியலை மட்டும் எடுத்துக் கணக்கிட்டாலும் இதே சிக்கல்தான்: கண்டறியப்படாதவர் அதில் இருக்கமாட்டார்.

படி 5: நோய் 0, 1 என்று மட்டும் இருக்கும்போது, எத்தனை பேருக்கு நோய் என்பதைப் பொறுத்தே குறியீடு எட்டக்கூடிய எல்லை சுருங்கும்; அதற்குத் திருத்தம் வேண்டும். எர்ரேகெர்ஸ் என்ற பொருளியலாளர் 2009இல் சொன்ன திருத்தம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எளிது: கோவேரியன்ஸை எட்டால் பெருக்கினால் முடிந்தது. மேலே உள்ளவை 0.64, −0.32 ஆகும். வாக்ஸ்டாஃப் என்ற பொருளியலாளரின் திருத்தமும் உண்டு. எதைப் போட்டாலும் பெயரை எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை: லைன் வீடுகளில் பலருக்கு ஒரே மதிப்பெண் வருகிறதே, யாரை முன்னால் வைப்பது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். யாரையும் வைக்க வேண்டாம். 2, 3, 4ஆம் இடங்களில் மூவர் சமம் என்றால் மூவருக்கும் 3. கால்க்கின் 'ரேங்க்.ஏவிஜி' (RANK.AVG) வாய்ப்பாடு அதைத் தானே செய்யும். ஏறுவரிசைக்கு அந்த வாய்ப்பாட்டின் அடைப்புக்குறிக்குள் மூன்றாவது மதிப்பாக 1 கொடுக்க மறந்தால் குறி தலைகீழாகிவிடும்.