பதினாறு பொத்தான்கள், எட்டே கம்பிகள்: ஆர்டுயினோ ஊனோவுடன் கீபேடை இணைக்கும் முறை

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் தறியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மேட்ரிக்ஸ் கீபேடைப் புரியவைக்க அதிக நேரம் ஆவதில்லை. நான்கு பாவு இழைகளின் குறுக்கே நான்கு ஊடை இழைகளை ஓட்டினால் அவை 16 இடங்களில் சந்திக்கும். அந்த ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பொத்தான் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தறியில் போலவே இழைகள் ஒன்றையொன்று கடந்து போகின்றனவே தவிர இணைவதில்லை. பொத்தானை அழுத்தும்போது மட்டும் அந்த இடத்தின் கிடைக்கம்பியும் நெடுக்கம்பியும் தொட்டுக்கொள்கின்றன. 16 பொத்தான்களுக்கு எட்டுக் கம்பிகள் போதுமானது இதனால்தான்.

தேவையானவை: ஓர் ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), ஸ்டிக்கர் போல ஒட்டக்கூடிய நான்குக்கு நான்கு மெம்பரேன் கீபேட், எட்டு ஜம்பர் கம்பிகள், ஒரு மல்டிமீட்டர்.

முதல் வேலை, எந்தக் கம்பி எது என்று கண்டறிவது. பொதுவாக, பொத்தான்கள் நம்மை நோக்கி இருக்கையில் இடப்பக்க நான்கு கம்பிகள் கிடைவரிசைக்கும் வலப்பக்க நான்கு நெடுவரிசைக்கும் உரியவை. ஆனாலும் இதை நம்பி நேராக வயரிங்கில் இறங்க வேண்டாம் என்பேன். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, 1 என்ற பொத்தானை அழுத்திப் பிடித்தபடி எந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே ஒலி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2 என்ற பொத்தானுக்கும் அவ்வாறே பாருங்கள். இரண்டுக்கும் பொதுவாக வரும் கம்பிதான் முதல் கிடைவரிசை. ஐந்து நிமிட வேலைதான். பின்னால் ஒரு மாலைப்பொழுதை மிச்சப்படுத்தும்.

அடுத்தது இணைப்பு. கிடைவரிசைக் கம்பிகள் நான்கையும் வரிசையாக ஊனோவின் 9, 8, 7, 6 ஆகிய பின்களிலும் (எண்ணிட்ட இணைப்பு முனைகள்), நெடுவரிசைக் கம்பிகளை 5, 4, 3, 2 ஆகிய பின்களிலும் செருகுங்கள். 0, 1 ஆகிய பின்கள் கணினியுடன் பேசும் சீரியல் தொடர்புக்கு உரியவை என்பதால் அவற்றைத் தொட வேண்டாம். கீபேடுக்கு 5 வோல்ட் எங்கே கொடுப்பது என்று புதிதாகக் கற்பவர்கள் கேட்பதுண்டு. எங்கும் கொடுக்க வேண்டியதில்லை. அது வெறும் சுவிட்சுகளின் கூட்டம்தான்.

இனி நிரல். நெடுவரிசைப் பின்கள் நான்கையும் உள் புல்அப் (பின்னை 5 வோல்ட்டை நோக்கி இழுத்துவைக்கும், சில்லுக்குள்ளேயே உள்ள மின்தடை) கொண்ட உள்ளீடாக அமைத்தால், யாரும் எதையும் அழுத்தாதபோது அவை உயர்நிலையில், அதாவது 5 வோல்ட்டில், இருக்கும். அடுத்து முதல் கிடைவரிசையை மட்டும் வெளியீடாக்கித் தாழ்நிலைக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு, கொண்டுவந்து, நான்கு நெடுவரிசைகளையும் படியுங்கள். எது தாழ்ந்திருக்கிறதோ அந்தச் சந்திப்பின் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. படித்து முடித்ததும் அந்தக் கிடைவரிசையை மீண்டும் உள்ளீடாக மாற்றிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். மாற்றாமல் அதை உயர்நிலை வெளியீடாக விட்டுவைப்பதுதான் பலரும் செய்யும் பிழை: ஒரே நெடுவரிசையில் 1, 4 இரண்டையும் யாராவது சேர்த்து அழுத்தினால், உயர்நிலையில் உள்ள ஒரு பின்னும் தாழ்நிலையில் உள்ள இன்னொன்றும் நேருக்கு நேர் மோதி, இரண்டு பின்களுமே பழுதாக வாய்ப்புண்டு.

பொத்தானின் தொடுமுனைகள் ஒரே அடியில் ஒட்டிக்கொள்வதில்லை; சில மில்லிவினாடிகள் துள்ளிவிட்டே நிலைக்கின்றன. ஆகவே முதல் மாற்றம் தெரிந்ததும் 20 மில்லிவினாடி பொறுத்து மறுபடி படித்து, அதே விடை வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் ஆர்டுயினோவுக்கான கீபேட் நூலகமே (ஆயத்த நிரல் தொகுப்பு) செய்துவிடும் என்றாலும், ஒரு முறையாவது சொந்தமாக எழுதிப் பார்த்தவருக்கே கோளாறு வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.

1, 2, 4 மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். தொடாத 5 என்ற பொத்தானும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். மின்னோட்டம் மற்ற மூன்று சந்திப்புகளின் வழியே சுற்றி வந்துவிடுவதே காரணம். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தும் பூட்டுக்கு இதனால் பாதகமில்லை.

ஏற்காட்டில் ஒரு காப்பிக் கிடங்குக் கதவுக்கு இப்படி ஓர் எண் பூட்டு செய்து கொடுத்தேன். சேலத்தில் என் மேசையில் குறையின்றி ஓடியது, மலையில் பனிமூட்டம் இறங்கிய வாரத்தில் யாரும் தொடாமலே எண்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. பற்றவைத்த முனைகளை மூடாமல் விட்டது என் தவறு. ஈரம் படிந்து, இரு கம்பிகளுக்கு இடையே மின்கசிவு ஏற்பட்டிருந்தது. ஊனோவின் உள் புல்அப் 20 முதல் 50 கிலோஓம் வரை இருக்கும். கசிவின் தடை 10 கிலோஓம், புல்அப் 35 கிலோஓம் என்று வைத்தால், அந்தப் பின்னில் ஏறத்தாழ 1.1 வோல்ட்தான் நிற்கும், 1.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் சில்லு அதைத் தாழ்நிலை என்றே கொள்ளும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோஓம் மின்தடை ஒன்றை வைத்ததும் அதே கசிவில் ஏறத்தாழ 3.5 வோல்ட் நிற்கும் என்று கணக்கு மாறிவிடுகிறது. நான்கு மின்தடைகளை வைத்து, முனைகளைச் சிலிக்கான் பசையால் மூடிவிட்டுத்தான் மலையிறங்கினேன். உங்கள் கீபேட் வாசலிலோ தோட்டத்திலோ மாட்டப்படுவதானால், இந்த நான்கையும் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.