குட்டி ஸ்கிரிப்டை ஏஜென்ட் கையில் கொடுக்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவுக்குக் கமிஷன் கடை. அவருக்காகப் பைத்தானில் மூன்று சின்னக் கருவிகள் எழுதியிருக்கிறேன். ‘விலை’ அன்றன்றைய பூ விலையைச் சொல்லும். ‘சிட்டை’ விவசாயிக்கு எடை, விலை, கழிவு எல்லாம் போட்டுச் சீட்டு தரும். ‘பாக்கி’ யாருக்கு எவ்வளவு நிற்கிறது என்று காட்டும். இப்போது இவற்றை ஓட்டுவது கிளாட் கோட், அதாவது நாம் கேட்பதற்கு ஏற்ப டெர்மினலில் தானே கட்டளைகளை ஓட்டும் ஆந்த்ரோபிக்கின் ஏஐ ஏஜென்ட். அது ஒழுங்காக ஓட்டுவதற்கு என்ன எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. பைத்தானும் டெர்மினலும் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. இதற்கு எம்சிபி சர்வர் வேண்டுமா என்று கேட்பீர்கள். ஏஐ-யை வெளிக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறைதான் எம்சிபி, நல்லதுதான். ஆனால் ஒரே கணினியில் இருக்கும் மூன்று ஸ்கிரிப்டுக்கு அது வீண் வேலை என்பது என் கட்சி. ஏஜென்டுக்கு டெர்மினல் தெரியும். ஒரு குறிப்புக் கோப்பு போதும்.

படி 1: கோப்பு. கருவிகள் இருக்கும் ஃபோல்டரில் ஏஜென்ட்ஸ்.எம்டி என்று ஒன்று வையுங்கள் (பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில்). ஓபன்ஏஐ-யின் ஏஜென்டான கோடெக்ஸ் அதைத் தானாகப் படிக்கும். கிளாட் கோட் தேடுவது கிளாட்.எம்டி-யை. அதற்குள் ஏஜென்ட்ஸ்.எம்டி பெயரை முன்னால் ‘@’ போட்டு ஒரு வரி எழுதினால் இழுத்துக்கொள்ளும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதி வைக்காதீர்கள்.

படி 2: ஒரு கருவிக்கு ஐந்தாறு வரி. என்னுடையது இப்படி:

விலை
எதற்கு: குறிப்பிட்ட நாளில் ஒரு பூ கிலோ என்ன விலைக்குப் போனது. வரப்போகும் விலையைக் கணிக்காது.
ஓட்டுவது: விலை --பூ மல்லி --நாள் 2025-01-12
பூ: மல்லி, முல்லை, பிச்சி, காக்கரட்டான், சம்பங்கி மட்டும்.
நாள்: ஆண்டு-மாதம்-நாள். ‘இன்று’, ‘நேற்று’ என்றும் தரலாம்.
வருவது: {"பூ": "மல்லி", "நாள்": "2025-01-12", "கிலோ_விலை": 1800}
பதிவு இல்லையென்றால்: வெளியேறும் எண் (எக்ஸிட் கோட்) 3.

‘கணிக்காது’ என்ற அந்த ஒரு வார்த்தை முக்கியம். கருவி எதைச் செய்யாது என்று சொல்லாவிட்டால், முகூர்த்த நாள் வரும்போது நாளைய விலையையும் இதை வைத்தே ஏஜென்ட் சொல்லப் பார்க்கும். பூக்களின் பட்டியலை ஆர்க்பார்ஸின் (ஆப்ஷன்களைப் படிக்கும் பைத்தான் நூலகம்) ‘சாய்சஸ்’-இலும் கொடுத்துவிடுங்கள். தப்பான பெயர் வந்தால் எவை செல்லும் என்று அதுவே பட்டியல் போட்டுக் காட்டும்.

படி 3: ஒன்றும் இல்லாதபோது என்ன சொல்வது. எல்லாரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து, ஒரு நாள் மல்லி பதிவே இல்லை. ஸ்கிரிப்ட் எதையும் அச்சிடாமல் 0 என்ற எண்ணோடு முடிந்தது. 0 என்றால் வெற்றி என்று அர்த்தம். ஏஜென்ட் என்ன செய்தது தெரியுமா? முந்தைய நாளை எடுத்து, அந்த விலையையே கேட்ட நாளின் விலை மாதிரிச் சொல்லிவிட்டது. மாமா அதை வைத்துச் சிட்டை போட இருந்தார்.

‘பதிவு இல்லையென்றால் ஊகிக்காதே’ என்று குறிப்பில் எழுதியும் பார்த்தேன். பேச்சு நீள நீள அந்த வரி மறந்துபோகிறது. தீர்வு ஸ்கிரிப்டுக்குள்ளேயே இருந்தது. இப்போது அது இப்படிச் சொல்கிறது:

2025-01-14 மல்லிக்குப் பதிவு இல்லை. கடைசிப் பதிவு 2025-01-12. வேறு நாள் விலையைப் பதிலாகத் தர வேண்டாம். பதிவு இல்லை என்றே கேட்டவரிடம் சொல்லவும்.

குறிப்புக் கோப்பை ஏஜென்ட் எப்போதோ படித்திருக்கும். பிழைச் செய்தி சிக்கல் வந்த அந்த நொடியில் கண்முன் நிற்கிறது. ஆகவே பாதிக் குறிப்பைப் பிழைச் செய்திகளில் எழுதுங்கள். எண் 3 ஏன் என்றால், தப்பான ஆப்ஷனுக்கு ஆர்க்பார்ஸ் 2-ஐ எடுத்துக்கொள்கிறது. இரண்டும் கலக்கக் கூடாது.

படி 4: எழுதும் கருவி என்றால் கடிவாளம். ‘சிட்டை’ சும்மா ஓட்டினால் வெறும் முன்னோட்டம். ‘--உறுதி’ சேர்த்தால்தான் பதிவாகும். விவசாயியைப் பெயரால் தேட விடாதீர்கள், எண் கொடுங்கள். கொட்டாம்பட்டிக்காரர் ஒருவர் கணக்கு கண்ணெதிரே இருந்தும் அகப்படாமல் போனது. ‘கொ’-வில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். பார்க்க ஒன்றுதான், கணினிக்கு வேறு. பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் யூனிகோட்டேட்டா நூலகத்தில் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்ப்பது) சீராக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

படி 5: சோதனை. புது அமர்வு திறந்து, கடையில் பேசுகிற மாதிரியே கேளுங்கள்: “நேத்து பிச்சி என்ன போச்சு மாப்ள?” முதலில் எந்தக் கட்டளையை ஓட்டுகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஸ்கிரிப்டைத் திறந்து உள்ளே படிக்கப் போனால் குறிப்பில் எதுவோ விட்டுப்போயிருக்கிறது.

பின்சேர்க்கை: விண்டோஸில் “நான் ஓட்டினால் ஓடுகிறது, ஏஜென்ட் ஓட்டினால் யூனிகோட் என்கோட் எரர்” என்று திருமங்கலத்திலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் லினக்ஸ் ஆள், இது என் கண்ணில் படவே இல்லை. நாம் ஓட்டும்போது வெளியீடு நேராகத் திரைக்குப் போகிறது, பைத்தான் யுடிஎஃப்-8 பயன்படுத்துகிறது. ஏஜென்ட் அதைக் குழாய் வழியாகப் பிடிக்கும்போது விண்டோஸின் பழைய குறியாக்கத்துக்கு மாறிவிடுகிறது, அதில் தமிழுக்கு இடமில்லை. பைத்தான்யுடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு (ஆங்கிலப் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்) 1 என்று மதிப்புக் கொடுத்ததும் அவருக்குச் சரியாகிவிட்டது.